மைக்காரர் நாயைக் கூப்பிட்ட கதை

புறநோயாளிகள் கூடத்தில் அவருக்கு யாரும் மைக் கொடுத்ததில்லை. தேவைப்படவுமில்லை. டாக்டர் அறை வாசலில் நின்று டோக்கன் எண்ணை ஒரு தடவை சொன்னால் மருந்து கொடுக்கும் ஜன்னல் வரை கேட்கும். வெளியே கேண்டீனில் டீயை ஊதிக்கொண்டிருக்கும் ஆள்கூட டம்ளரை வைத்துவிட்டுக் கையிலிருக்கும் சீட்டைப் பார்ப்பார். நர்ஸுகள் அவரை ‘மைக்’ என்றார்கள். நோயாளிகள் கொஞ்சம் மரியாதை சேர்த்து ‘மைக்காரர்’ என்றார்கள்.

மீசை கறுப்பாக இருந்த காலத்திலிருந்து அதே வாசல், அதே வேலை. டாக்டர்கள் மாறினார்கள், பெஞ்சுகள் மாறின, சுவரின் பச்சை நீலமானது. குரல் மட்டும் அப்படியே இருந்தது. அவர் தொண்டையைச் செருமினாலே கூடம் நிமிர்ந்து உட்காரும். கூப்பிட்டபோது இல்லாமல், கழிவறையிலிருந்தோ கேண்டீனிலிருந்தோ மூச்சிரைக்க ஓடிவருகிறவர்களுக்கென்று அவரிடம் தனியாக ஒரு பாட்டு இருந்தது.

“கூப்பிட்டப்ப எங்கய்யா போன? காதைக் கழட்டி வீட்ல வெச்சிட்டு வந்தியா? போ, போய்க் கடைசில நில்லு.”

பெஞ்சுகளில் சிரிப்பு எழும். மாட்டிக்கொண்டது நாமில்லை என்ற நிம்மதியில் வருகிற சிரிப்பு. மைக்காரர் அதைக் கைதட்டல் கணக்கில் சேர்த்துக்கொள்வார்.

அப்படிப்பட்டவர் வீட்டில் ஒரு நாய். அவர் கூப்பிட்டால் வராது.

நாயின் பெயர் துரை. காதோரம் கறுப்பு, மற்ற இடமெல்லாம் டீக்கறை படிந்த துணிபோல ஒரு வெள்ளை. மகள் கல்லூரியில் படித்தபோது ஒரு மழை நாளில் குடைக்குள் மறைத்துத் தூக்கிவந்த குட்டி. படிப்பு முடிந்து அவளுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. தங்குகிற விடுதியில் நாய்க்கு இடமில்லை. “துரையைப் பாத்துக்கோப்பா” என்று பஸ் ஜன்னல் வழியாகச் சொல்லிவிட்டுப் போனாள். வரும்போதெல்லாம் நாய்க்காகத்தான் வருகிறாளோ என்று தோன்றும்படி வந்தாள். பிறகு அதுவும் குறைந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் மைக்காரர் அவளுக்குப் போன் போடுவார். பெரும்பாலும் மணி அடித்து ஓயும். எப்போதாவது எடுத்தால் அவருடைய முதல் பேச்சு ஒன்றுதான். “எத்தனை தடவைதான் கூப்பிடறது? எடுக்கறதுக்கு இல்லேன்னா போன் எதுக்கு வெச்சிருக்க?” அந்தப் பக்கத்திலிருந்து, “அம்மாகிட்ட குடுப்பா.” அவ்வளவுதான். அவர் வேலைக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து மகளும் மனைவியும் நெடுநேரம் பேசிச் சிரிக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்துகொண்டார்.

ஆக, மகளுடையது என்று அந்த வீட்டில் மிச்சமிருந்தது நாய்தான்.

அவர் வீடு இருந்த அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் பின்னால் ஒரு மைதானம் உண்டு. ஒரு மூலையில் தண்ணீர்த் தொட்டி, ஒரு மூலையில் சைக்கிள் ஷெட், நடுவில் வலை இல்லாத இரண்டு கம்பங்கள். சாயந்திரம் துரையை அங்கே அவிழ்த்துவிடுவார். அவிழ்ப்பது சுலபம். திரும்பக் கூப்பிடும்போதுதான் மொத்தக் குடியிருப்புக்கும் பொழுதுபோகும்.

“துரை! வா! இங்க வா!”

நாய் தலையைத் தூக்கிப் பார்க்கும். காதில் விழவில்லை என்று யாரும் சொல்ல முடியாது, அடுத்த தெருவுக்கே விழுந்திருக்கும். பார்த்துவிட்டு, ஏதோ அவசர வேலை ஞாபகம் வந்தாற்போல எதிர்ப்பக்கம் நடக்கும். துணி எடுக்கப் பால்கனிக்கு வந்தவர்கள் துணியை எடுக்காமல் நிற்பார்கள்.

“டோக்கன் குடுக்காம கூப்பிட்டா எப்படி சார் வரும்?” என்று ஒரு குரல்.

“துரை பிஸியாம். நாளைக்கு வந்து பாக்கச் சொல்றாரு” என்று இன்னொரு குரல்.

மைக்காரர் மேலே பார்த்துப் பல்லைக் காட்டுவார். பிறகு துரத்தல். சைக்கிள் ஷெட்டின் மூலையில் மடக்கி, கழுத்துப்பட்டையைப் பிடித்து, மாடிப்படியில் இழுத்துக்கொண்டு போவார். சில நாள், ஓடி அலுத்துப்போன நாய் தானாகவே தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு அவர் காலடிக்கு வரும். அன்றைக்கும் அதே இழுப்புதான். வீட்டுக் கதவு சாத்திக்கொள்ளும். அதற்குப் பிறகு நடப்பது கதவுக்கு வெளியே யாருக்கும் தெரியாது என்று அவர் நினைத்திருந்தார்.

ஒரு நாள் தண்ணீர் லாரிக்காகப் பெரிய கேட்டைத் திறந்துவைத்திருந்தார்கள். துரை வெளியே போனது. தெருவோரம் நின்று எதையோ மோந்துகொண்டிருந்தது. சும்மா விட்டிருந்தால் மோந்து முடித்துத் திரும்பியிருக்கும். மைக்காரர் கேட்டில் நின்று தன் முழுக் குரலையும் எடுத்தார். “துரை! வாடா இங்க!” நாய் சவுக்கடி பட்டதுபோலத் துள்ளி ரோட்டின் குறுக்கே பாய்ந்தது. எதிரே ஸ்கூட்டரில் வந்தவர் குடியிருப்புச் சங்கத்தின் செக்ரட்டரி. வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், யாரிடமும் குரல் உயர்த்தாதவர். நாய்மேல் ஏற்றாமல் வண்டியை ஒடித்துத் திருப்பி அவர் கீழே விழுந்தார்.

மறுநாள் காலை மைக்காரர் ஓர் எண்ணைக் கூப்பிட்டார். யாரும் எழவில்லை. அடுத்த எண்ணுக்குப் போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்து ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து சீட்டை நீட்டினார். மைக்காரர் சீட்டை மட்டும் பார்த்தார்.

“கூப்பிட்டப்ப எங்கய்யா போன?”

“எக்ஸ்ரே எடுக்கப் போயிருந்தேன்” என்றார் செக்ரட்டரி. இடது மணிக்கட்டு வீங்கி, ஒரு துண்டில் தொங்கிக்கொண்டிருந்தது. “காதை வீட்ல வெச்சிட்டு வரல. நேத்து கையத்தான் ரோட்ல விட்டுட்டேன்.”

பெஞ்சுகள் சிரித்தன. முதல் தடவையாக அந்தச் சிரிப்பு மைக்காரரின் பக்கம் இல்லை.

கட்டுப் போட்டுக்கொண்டு வெளியே வந்த செக்ரட்டரி அவர் அருகே நின்று தாழ்ந்த குரலில் பேசினார். “நான் புகார் குடுக்கற ஆள் இல்ல. இந்த மாசச் சங்கக் கூட்டத்துல, எல்லார் முன்னாடியும், கயிறு இல்லாம உங்க நாயைக் கூப்பிடுங்க. உங்ககிட்ட வந்துச்சுன்னா இருக்கட்டும். வரலேன்னா நாய்க் காப்பகத்துக்கு நானே வண்டிக்குச் சொல்றேன். நியாயம்தானே?”

“நியாயம்தான் சார்.” மைக்காரரின் குரல் பக்கத்து பெஞ்சுக்குக்கூடக் கேட்கவில்லை.

அவர் மனைவி வீட்டில் தையல் மிஷின் வைத்திருக்கிறார். பள்ளிச் சீருடை, திரைச்சீலை, தலையணை உறை என்று எது வந்தாலும் தைப்பார். அன்றைக்கு மிஷினை நிறுத்தாமலே விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். மறுநாள் சாயந்திரம், அதேபோல மிஷினை நிறுத்தாமலே, மகள் சொன்னதைச் சொன்னார்.

“துரையை அனுப்பிட்டா, அப்புறம் நான் அந்த வீட்டுக்கு எதுக்கு வரணும்னு கேக்கறா.”

“அம்மா அப்பாவைப் பாக்க வர மாட்டாளாமா?”

“அதை நான் கேக்கல. நீங்களே கேளுங்க.”

அவர் கேட்கவில்லை. நாயைப் பழக்க இறங்கிவிட்டார்.

பழக்குவதென்றால் அவருக்குத் தெரிந்த வழி ஒன்று. கூடத்தை அடக்கிய வழி. குரலைக் கூட்டினார். வரவில்லை என்றால் தேடிப்பிடித்து, செய்தித்தாளைச் சுருட்டி, “கூப்பிட்டா வரணும், தெரியுதா? வரணும்!” என்று சொல்லுக்கு ஒன்றாகப் போட்டார். வந்தாலும் முந்தின தடவை வராததற்கு ஒன்று போட்டார், கணக்கு பாக்கி நிற்கக் கூடாது பாருங்கள். ஒரு வாரத்தில் துரை ஒரு விஷயத்தை நன்றாகக் கற்றுக்கொண்டது: அவருடைய செருப்புச் சத்தம் படியில் கேட்டதும் தையல் மிஷினுக்கு அடியில் நுழைந்து, மிதிகட்டைக்குப் பின்னால் சுருண்டுகொள்வது. மனைவி காலைத் தூக்கி நாயின் மேல் படாமல் வைத்துக்கொண்டு பாதி மிதியில் தைத்தார். தையல் கோணிப் போனது.

“ஏங்க, ஊர்ல நாய் பழக்கறவங்கன்னு யாரும் இல்லையா?”

“நான் எத்தனை கூட்டத்தைப் பழக்கியிருக்கேன்? ஒரு நாய் எனக்குப் பெரிசா?”

“கூட்டம் டாக்டரைப் பாக்க வருதுங்க” என்றார் மனைவி, ஊசியில் நூல் கோத்தபடி. “உங்களைப் பாக்க இல்ல.”

அந்த வாக்கியம் அவருக்குள் எங்கேயோ போய் மாட்டிக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை காலை, நாயைக் கயிற்றில் கட்டிக்கொண்டு, ஒரு பள்ளி மைதானத்தில் நடக்கும் நாய் பழக்கும் வகுப்புக்குப் போனார்.

மொத்தம் ஏழெட்டு நாய்கள், அவற்றின் சொந்தக்காரர்கள். பக்கத்தில் நின்றவர் ஒரு மளிகைக் கடைக்காரர், அவரும் அவர் நாயும் நல்ல புஷ்டி. சொல்லிக்கொடுப்பவள் மகள் வயதிருக்கும் ஒரு பெண். கட்டை முடி, இடுப்பில் பிஸ்கட் பை. எல்லோரும் அவளை டீச்சர் என்றார்கள். தான் பேசுவதைக் கேட்க நாய்கள்தான் கிட்டே வர வேண்டும் என்பதுபோல அவ்வளவு மெல்லப் பேசினாள்.

“கூப்பிடுங்க சார், பாக்கலாம்” என்று துரைக்கு நீளமான ஒரு கயிற்றைக் கட்டிவிட்டாள்.

மைக்காரர் கூப்பிட்டார். பள்ளிக்கூடத்துக் கூரையிலிருந்த புறாக்கள் கிளம்பின. மளிகைக் கடைக்காரரின் நாய் யார் சொல்வதென்று தெரியாமல் உட்கார்ந்துகொண்டது. “அண்ணே, என் நாயே வந்துரும்போல இருக்கு” என்று அவர் சிரித்தார். துரை மட்டும் கயிறு முடிகிற தூரத்துக்குப் போய், முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டது.

“கடைசியா எப்போ சார் கூப்பிட்டதும் வந்துச்சு?”

“நேத்து சாயந்திரம். ரொம்ப நேரம் ஆட்டம் காட்டிட்டு வந்துச்சு.”

“வந்தப்ப என்ன பண்ணீங்க?”

“என்ன பண்ணுவேன்? தடவிக் குடுத்தேன்.”

பொய் சரளமாக வந்தது. டீச்சர் தலையாட்டினாள். “எப்படித் தடவுவீங்க? செஞ்சு காட்டுங்க.”

மைக்காரர் கயிற்றைப் பிடித்துக்கொண்டே நாயின் அருகே போனார். தடவத்தான் கையைத் தூக்கினார். கை அவர் தோள் உயரத்துக்கு வருவதற்குள் துரை தரையோடு தரையாக ஒட்டியது. காது இரண்டும் பின்னால் போய்த் தலையோடு படிந்தன. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டது. அடிவயிற்றின் கீழே மண் நனைந்து கறுத்தது.

யாரும் சிரிக்கவில்லை. மளிகைக் கடைக்காரர் குனிந்து, அவிழாத செருப்பு வாரை அவிழ்த்துக் கட்டினார். கூட்டம் சிரிக்கும் என்று எதிர்பார்த்து நின்றவருக்கு அந்த அமைதியை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. தூக்கிய கை தூக்கியபடி நின்றது.

“கைய எறக்குங்க சார்” என்றாள் டீச்சர். அவள் குரலில் கோபமில்லை. இருந்திருந்தால் பதிலுக்கு அவரும் கொஞ்சம் கத்தியிருக்கலாம்.

ஓரமாக அழைத்துப் போய்ச் சொன்னாள். “ஓடினதுக்குத்தான் அடிக்கிறோம்னு நீங்க நெனச்சீங்க. ஆனா அடி எப்போ விழுந்துச்சு? வந்தப்ப. அதுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். ‘வா’ன்னா அடி. உங்க நாய் மக்கு இல்ல சார். சொல்லிக் குடுத்ததை அப்படியே கத்துக்கிட்டிருக்கு.”

“இப்ப என்ன செய்யறது?”

“அந்த வார்த்தையை விட்டுடுங்க. இந்த நாய்கிட்ட அது இனிமே எடுபடாது. வேற ஒண்ணு எடுங்க. ஒரு தடவைகூட நீங்க கோவமாச் சொல்லாத வார்த்தையா இருக்கணும். கீழ உக்காந்து, சின்னக் குரல்ல, ஒரே தடவை சொல்லுங்க. நேருக்கு நேர் பாக்காதீங்க. வந்தா பிஸ்கட். லேட்டா வந்தாலும் பிஸ்கட். கழுத்தைப் பிடிக்காதீங்க. ஏன் லேட்டுன்னு கேக்காதீங்க.”

“லேட்டா வந்தாலுமா?” அந்த ஒன்றைத்தான் அவரால் நம்ப முடியவில்லை.

“லேட்டா வந்தா இன்னும் ஒண்ணு சேத்துக் குடுங்க. வர்றதுக்கு அதுக்கு எவ்வளவு தைரியம் வேணும்னு யோசிங்க.”

வீடு திரும்பி, கட்டிலில் உட்கார்ந்து, வார்த்தை தேடினார். ‘இங்க வா’ போயிற்று. ‘வாடா’ போயிற்று. பெயரே போயிற்று. ‘டேய்’, ‘ஏய்’, ‘இந்தா’ எல்லாம் போயிற்று. ‘கண்ணா’ என்று ஒன்று உண்டு, அதையும் ஒரு நாள் “கண்ணா, இன்னிக்கு உனக்கு இருக்கு” என்று சொல்லித்தான் பிடித்திருந்தார். இத்தனை வருடமாகப் பேசிய வாயில் அடி ஒட்டாத ஒரு சொல் மிஞ்சவில்லை.

“நான் கோவமாச் சொல்லாத வார்த்தை ஒண்ணு சொல்லு” என்றார் மனைவியிடம்.

மிஷின் நின்றது. மனைவி யோசிக்கவே இல்லை.

“‘சாப்டியா’.”

“அதைக் கோவமாச் சொன்னதே இல்லையா?”

“சொன்னதே இல்லைங்க. நாய்கிட்ட மட்டுமா? யார்கிட்டயும்.”

மிஷின் மறுபடியும் ஓடத் தொடங்கியது. மைக்காரர் மறுத்துப் பேச ஏதாவது ஒரு நாளைத் தேடிப் பார்த்தார். மனைவி காய்ச்சலில் கிடந்த நாள். மகள் பரீட்சைக்குப் படித்த நாட்கள். அவளை பஸ் ஏற்றிவிட்ட காலை. ஒவ்வொன்றிலும் தான் என்ன சொன்னோம் என்பது மட்டும் தெளிவாக ஞாபகம் வந்தது. அந்த பஸ் வாசலில் அவர் சொன்னது, “போனதும் போன் பண்ணணும், நான் கூப்பிட்டுக்கிட்டு இருக்க மாட்டேன்.”

மறுநாள் ஆஸ்பத்திரியில் ஓர் எண்ணைக் கூப்பிட்டார். கூடத்தின் கோடியிலிருந்து ஒரு கிழவர், கைலிக்கும் சட்டைக்கும் நடுவே ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சுவரைத் தடவித் தடவி வந்தார். அவர் வந்து சேர்வதற்குள் மைக்காரரின் வாய் பழக்கதோஷத்தில் பாதிப் பாட்டைப் பாடிவிட்டது.

“கூப்பிட்டப்ப எங்கய்யா போ...”

அப்போதுதான் கிழவரின் தோளைப் பார்த்தார். இரண்டு தோளும் காதுவரை ஏறியிருந்தன. முகவாய் நெஞ்சில் புதைந்திருந்தது. கண்ணை இறுக்கி, விழப்போவது விழட்டும் என்று நின்றார். பெஞ்சுகள் சிரிக்கத் தயாராகக் காத்திருந்தன. இத்தனை வருடங்களில் எத்தனை தோள்கள் இப்படி ஏறியிருக்கும்! அவர் சீட்டை மட்டும்தானே பார்த்திருக்கிறார்.

“உள்ள போங்க பெரியவரே” என்றார். கிழவர் நம்பாமல் இன்னும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் போனார்.

சங்கக் கூட்டத்துக்கு முன் கிடைத்த நாட்களில் மைக்காரர் வீட்டுக்குள்ளேயே பழகினார். தரையில் உட்கார வேண்டும், அதுவே பெரிய வித்தை. முட்டி இரண்டும் சத்தம் போட்டன. கையில் பிஸ்கட்டை வைத்துக்கொண்டு, ஜன்னலைப் பார்த்தபடி, “சாப்டியா” என்பார். முதல் தடவை சொன்னபோது குரல் எங்கே போவதென்று தெரியாமல் தொண்டையிலேயே சுற்றியது. மிஷினுக்கு அடியிலிருந்து மூக்கு மட்டும் வெளியே வந்தது. மனைவி வாயை முந்தானையால் மூடிக்கொண்டார்.

“என்ன சிரிப்பு?”

“ஒண்ணுமில்லைங்க. எனக்கே எந்திரிச்சு வரணும்போல இருந்துச்சு.”

அவர் ஒரு பிஸ்கட்டை மனைவியிடமும் நீட்டினார். மனைவி வாங்கிக்கொண்டார்.

நாளாக ஆக மூக்குக்குப் பின்னால் தலை வந்தது, தலைக்குப் பின்னால் முன்கால்கள். ஒரு நாள் முழு நாயும் வந்து, பிஸ்கட்டைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது. கை தானாகவே கழுத்துப்பட்டைக்குப் போனது. அதை மடியில் போட்டு அமுக்கிக்கொண்டார். ஆனால் வீட்டுக்குள் வருவது வேறு, மைதானம் வேறு. மைதானத்தில் அந்தச் சொல்லைச் சொல்லிப் பார்க்க அவருக்கு வாய் வரவில்லை. பால்கனிகள் இருக்கின்றனவே.

கூட்டம் ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம். தண்ணீர்த் தொட்டிப் பக்கம் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். குழாய்க் கசிவு, மாடி விளக்கு, குப்பைத் தொட்டி எல்லாவற்றையும் அவசரமாகப் பேசி முடித்தார்கள். எல்லோரும் காத்திருந்தது கடைசி விஷயத்துக்கு என்பது அவர்களுடைய நாற்காலி திரும்பியிருந்த திசையிலேயே தெரிந்தது.

செக்ரட்டரி மாவுக்கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, “ஆரம்பிக்கலாமா?” என்றார்.

மனைவி மைதானத்தின் மறுகோடியில் துரையின் கயிற்றை அவிழ்த்தார். அது நேரே சைக்கிள் ஷெட்டுக்குப் போய் ஒவ்வொரு சக்கரமாக மோந்தது. மைக்காரர் தொண்டையைச் செருமினார். அந்தச் செருமல் கேட்டதுமே நாயின் முதுகு விறைத்தது. நாற்காலிகளும் நிமிர்ந்தன. பழைய குரல் அடிவயிற்றிலிருந்து கிளம்பித் தொண்டைவரை வந்துவிட்டது. விழுங்கினார். பிறகு எல்லோருக்கும் முன்னால், முட்டி இரண்டும் சொடுக்க, மண்ணில் உட்கார்ந்தார். நாய்க்குப் பக்கவாட்டில் திரும்பிக்கொண்டார்.

“சாப்டியா?”

 நாற்காலிகள் குலுங்கின.

“என்னது, விருந்துக்குக் கூப்பிடறாரா?”

“மைக்குக்குக் கரண்ட் போயிருச்சுப்பா!”

“சார், வால்யூம் கூட்டுங்க!”

துரை அடுத்த சக்கரத்துக்குப் போனது. மைக்காரரின் காது மடல் சூடேறியது. இன்னொரு தடவை சொல்லக் கூடாது, எழுந்து ஓடக் கூடாது. இடது கையில் பிஸ்கட் வியர்வையில் நமத்தது. மற்றவர்களை மணிக்கணக்கில் பெஞ்சில் உட்கார வைத்தவர் மண்ணில் உட்கார்ந்து காத்திருந்தார். சிரித்தவர்களுக்குச் சிரிப்பு தீர்ந்து போனது. அப்புறமும் அவர் எழுந்திருக்கவில்லை.

சக்கரங்கள் முடிந்து நாய் தலையைத் தூக்கியது. நேரே வரவில்லை. கம்பங்களைச் சுற்றி ஒரு பெரிய வட்டம் போட்டது. பிறகு அதைவிடச் சின்ன வட்டம். கை எட்டாத தூரத்தில் நின்றது. அங்கிருந்து, வயிறு மண்ணில் உரச, ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னுமாக ஊர்ந்து வந்து, கழுத்தை எவ்வளவு நீட்ட முடியுமோ அவ்வளவு நீட்டி, பிஸ்கட்டை எடுத்துக்கொண்டது. மைக்காரர் இன்னொன்றையும் வைத்தார். கையை அசைக்கவில்லை.

“வந்துச்சு” என்றார் செக்ரட்டரி. “வந்துச்சுன்னு எழுதிக்கலாம். ஆனா ஏன் சார், பிஸ்கட் வாங்க வர்ற நாய் இப்படிப் பயந்து பயந்து வருது?”

மைக்காரர் வாயைத் திறந்தார். பள்ளி மைதானத்தில் சரளமாக வந்த பொய் இப்போது வரவில்லை.

பதில் கீழ்வீட்டு அம்மாவிடமிருந்து வந்தது. “அது ஏன்னு எங்களுக்குத் தெரியும் சார். அவர் கூப்பிடறது மட்டுமா எங்க வீட்டுக்குக் கேக்கும்? கதவைச் சாத்தின அப்புறமும்தான் கேக்கும். என் பையன் காதைப் பொத்திக்குவான்.”

யாரும் ஆச்சரியப்படவில்லை. அதுதான் மைக்காரரைத் தாக்கியது. ஒருவர் தரையைப் பார்த்தார், ஒருவர் சாவிக்கொத்தைப் பார்த்தார். இத்தனை நாள் பால்கனியிலிருந்து வந்த கேலியெல்லாம் தெரிந்தே வந்த கேலி. தெரிந்துகொண்டு, முகத்துக்கு நேரே சொல்ல முடியாமல், டோக்கன் என்றும் அப்பாயின்ட்மென்ட் என்றும் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

“இருக்கட்டும்” என்றார் செக்ரட்டரி. “நாய் இருக்கட்டும். கேட்டுக்கு வெளிய கயிறு வேணும். கதவுக்கு உள்ள…” முடிக்கவில்லை.

“இனிமே கேக்காது சார்” என்றார் மைக்காரர், மண்ணிலிருந்து எழுந்திருக்காமலே.

வீட்டுக்கு வந்து முகம் கழுவினார். திரும்பத் திரும்பக் கழுவினார். மனைவி விளக்கைப் போட்டுவிட்டு மிஷினை மூடினார். துரை இப்போதும் மிஷினுக்கு அடியில்தான் போய்ப் படுத்தது.

ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது. போனைக் கையில் எடுத்து, வைத்து, மறுபடி எடுத்தார். மணி அடித்தது. எடுக்க மாட்டாள் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கும்போதே எடுத்துவிட்டாள். நாயின் கதி தெரிந்தாக வேண்டுமே.

“என்னப்பா ஆச்சு?”

நாக்கு நுனியில் அது தயாராக இருந்தது. எத்தனை தடவைதான் கூப்பிடறது. இன்றைக்கு ஒரே தடவைதான் கூப்பிட்டிருந்தார், இருந்தும் அது தயாராக இருந்தது. சுவரில் சாய்ந்து, மெல்லத் தரையில் உட்கார்ந்தார்.

“சாப்டியா?”

மிஷினுக்கு அடியில் நகம் தரையில் உரசும் சத்தம். துரை வெளியே வந்து, நின்று, யோசித்து, அவர் முழங்காலுக்கு அருகே வந்து கையைப் பார்த்தது. கையில் பிஸ்கட் இல்லை, போன்தான் இருந்தது.

அந்தப் பக்கம் மகள் பெருமூச்சு விட்டாள். “அப்போ துரை இருக்கான்ல? அவன்கூடத்தானே பேசற? அம்மா சொன்னா, அதுக்கு ஏதோ அப்படித்தான் சொல்லிப் பழக்கறியாமே. சரி, அம்மாகிட்ட குடு.”

 தவறு அவளுடையதில்லை. இந்தக் கேள்வியை இந்த வீட்டில் அவர் முதலில் கேட்டது நாயிடம்தான்.

“இல்லம்மா” என்றார். குரல் சமையலறைக்குக்கூடப் போகவில்லை. “உன்னத்தான் கேட்டேன்.”

வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. அவர் கேள்வியைத் திரும்பக் கேட்கவில்லை. ஏன் பேசாமல் இருக்கிறாய் என்றும் கேட்கவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, நாயின் மூக்கு தன் வெறுங்கையை மோந்து பார்ப்பதை உணர்ந்துகொண்டு, போனைக் காதோடு வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

“இன்னும் இல்லப்பா” என்றாள் மகள்.